ஜெய்சல்மருக்கு வாடகை பேசும் முன்

"ஜெய்சல்மர் லோடு இருக்கு, டன்னுக்கு என்ன போடலாம்?" என்று லாரி புரோக்கர் கேட்டதும் நம் பக்கத்தில் முதலில் செய்வது மேப்பைத் திறந்து கிலோமீட்டரைப் பார்ப்பதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 2,150 கி.மீ. அதை டீசலால் பெருக்கி, டோலைக் கூட்டி, கையில் கொஞ்சம் நிற்கிற மாதிரி ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம். டெல்லிக்கும் அகமதாபாத்துக்கும் இந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். ராஜஸ்தான் பாலைவனத்து ஊர்களான பார்மர், ஜெய்சல்மர், பலோடி, பீகானேர் பக்கம் சரிவராது. அங்கே காசைத் தின்பது மணலோ தூரமோ இல்லை, வண்டி நிற்கிற நாட்கள். அதனால் பாலைவன லோடுக்கு வாடகையை நாள் கணக்கில்தான் போட வேண்டும்.

முதலில் பாதை. சென்னையிலிருந்து டெல்லி போகும் 48ஆம் எண் நெடுஞ்சாலையும் கன்னியாகுமரி - ஸ்ரீநகர் 44ஆம் எண் சாலையும் கிருஷ்ணகிரியில் சேர்ந்து, சூளகிரி, ஓசூர் வழியாக ஒன்றாகவே பெங்களூருவுக்குப் போகின்றன. அங்கிருந்து 48ஐப் பிடித்து தும்கூர், ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புனே, தானே, சூரத், அகமதாபாத். இதுவரை சுமார் 1,600 கி.மீ. வழி முழுக்கப் பஞ்சர் கடை, செட்டு (ஒர்க்ஷாப்), டாபா, நம் ஊர் நம்பர் பிளேட் எல்லாம் இருக்கும். டீசா தாண்டி சாஞ்சோர் போய், 68ஆம் எண் சாலையில் பார்மர் வழியாக ஜெய்சல்மர் போவது மிச்சம் 550 கி.மீ. மொத்த தூரத்தில் கால் பங்கு. நஷ்டம் வருகிற இடம் அந்தக் கால் பங்கும் அதற்குப் பிறகு லோடு இறக்கும் சைட்டில் நிற்கும் நாட்களும்தான்.

ஒரு பத்து சக்கர வண்டியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டிக் கடன் டியூ மாதம் 60,000. இன்சூரன்ஸ், டாக்ஸ், பெர்மிட், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் 15,000; இரண்டு டிரைவர் சம்பளமும் பேட்டாவும் 45,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,20,000. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 4,000. சக்கரம் உருண்டாலும் உருளாவிட்டாலும் இந்த 4,000 போகும். உங்கள் வண்டிக்கு 3,000 ஆகலாம், 5,500 ஆகலாம். அந்த எண் என்னவென்று தெரியாமல் ராஜஸ்தான் லோடு எடுக்கக் கூடாது.

இப்போது டீசல். லோடோடு லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்கும் வண்டி, எதிர்க்காற்றிலும் ஏ.சி.யிலும் 3.5க்கு இறங்குகிறது என்று வைப்போம். 550 கி.மீ.க்கு 138 லிட்டர் போதும் என்ற இடத்தில் 157 லிட்டர். கூடுதல் 19 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று பிடித்தால் 1,700 ரூபாய்ச் சில்லறை. வண்டி சைட் வாசலில் மூன்று நாள் நின்றால் 12,000. மைலேஜ் இறங்கியதற்கு டிரைவரோடு சண்டை போடுகிறவர்கள் இந்தப் பன்னிரண்டாயிரத்தை எழுதி வைப்பதே இல்லை.

அங்கே லோடு இறக்குகிற இடம் பெரும்பாலும் குடோன் இல்லை. காற்றாலை சைட், பட்லா போன்ற சோலார் பார்க், பச்பத்ரா ரிஃபைனரி மாதிரி கட்டுமான இடம். பட்லாவில் மட்டும் 2,245 மெகாவாட்டுக்குத் தகடு விரித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் கிரேன் ஓய்வாக இருந்தால்தான் இறக்குவார்கள், காற்று அடித்தால் கிரேன் தூக்காது. மே, ஜூனில் பிற்பகல் பூராவும் காற்றுதான். வரிசையில் முன்னால் நாலு டிரெய்லர் நின்றால் உங்கள் முறை நாளை மறுநாள். அதனால் எல்.ஆர். (லாரி ரசீது) போடும்போதே ஹால்டிங், அதாவது காத்திருப்புக் கட்டண வாசகம் வேண்டும்: வண்டி கேட்டுக்கு வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் இலவசம், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு. தொகையைவிட முக்கியம் வந்த நேரத்துக்கு அத்தாட்சி. கேட்டில் என்ட்ரி போட்ட சீட்டை டிரைவர் போட்டோ எடுத்து உடனே அனுப்ப வேண்டும். சீல் இல்லை, கையெழுத்து இல்லை என்றால் பேலன்ஸ் வாடகை கேட்கும்போது "உங்க வண்டி நேத்துதானே வந்துச்சு" என்பார்கள்.

எடை

நம் பக்கத்திலிருந்து வடக்கே போகிற நல்ல லோடு மாங்கூழ். டிரம்முக்குள் அசெப்டிக் (கிருமி நீக்கிய) பை. ஒரு டிரம்மில் கூழ் 215 கிலோ. இருபது அடி கன்டெய்னருக்கு 80 டிரம் என்பது ஏற்றுமதிக் கணக்கு. அதே எண்பதைப் பத்து சக்கர லாரியிலும் போடச் சொல்வார்கள். காலி டிரம் 18 கிலோ என்றால் ஒன்று 233 கிலோ. 80 டிரம் 18,640 கிலோ. 2018இல் உயர்த்திய அளவுப்படி இந்த மூன்று ஆக்சில், பத்து சக்கர வண்டிக்கு மொத்த எடை 28.5 டன். வண்டியின் காலி எடை 9.5 டன் என்றால் கூட்டுத் தொகை 28,140. பார்த்தால் 360 கிலோ மிச்சம் இருக்கிற மாதிரி தெரியும்.

அந்த 360தான் ஏமாற்று. காலி எடை போட்டபோது டேங்கில் டீசல் எவ்வளவு இருந்தது? 350 லிட்டர் டேங்க் நிரம்பினால் அதுவே 290 கிலோவுக்கு வரும். பாலைவனத்துக்கு இரண்டாவது ஸ்டெப்னி வேண்டும், டிஸ்க்கோடு நூறு கிலோவுக்கு மேல். ஐம்பது லிட்டர் தண்ணீர், இருபது லிட்டர் ஆட்புளூ (புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் திரவம்), ஜாக்கி, கட்டை, பலகை, இரண்டு தார்ப்பாய், அடுக்குகளுக்கு நடுவே போடும் பிளைவுட். எடை தாண்டிவிடும். 2019 திருத்தத்துக்குப் பிறகு 194ஆம் பிரிவில் ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. போதாதற்கு அதிக எடையை அங்கேயே இறக்க வேண்டும். இரண்டு டிரம்மின் வாடகைக்காக இதைச் சம்பாதிக்க வேண்டாம். 78 டிரம் போதும். டேங்க் நிரப்பி, தண்ணீர், ஸ்டெப்னி எல்லாம் ஏற்றிய பிறகு காலி எடை போடுங்கள். வடக்கே எடை மேடைக்குப் பெயர் "தர்ம காண்டா"; காண்டா என்றால் தராசு. அங்கே தர்மம் பார்க்க மாட்டார்கள், காண்டா காட்டுவதைத்தான் பார்ப்பார்கள்.

அடுக்குவதிலும் ஒன்று. 24 அடி பாடியில் கீழ்த் தட்டில் அகலத்துக்கு நான்கு வீதம் பன்னிரண்டு வரிசை, 48 டிரம். மீதி 30 மேல் தட்டில். மேல் தட்டைப் பின்கதவு வரை பரப்பினால் முன் ஆக்சில் லேசாகி, மணலில் ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். கேபின் பக்கமே குவித்தால் முன் ஆக்சில் அதன் அளவைத் தாண்டும். பின் இரண்டு ஆக்சிலுக்குச் சற்று முன்னால் நடுவில் வைத்து, குறுக்கே பெல்ட் போட்டு இழுத்துக் கட்டுவதுதான் சரி.

டயர்

கூழ் ஃபேக்டரிகள் ஓடுவது மே கடைசியிலிருந்து. பலோடியில் இந்தியாவின் அதிகபட்ச வெப்பநிலையான 51 டிகிரி பதிவானது 2016 மே 19. நம் சீசனும் அவர்கள் வெயிலும் ஒரே மாதத்தில் வந்து விழுகின்றன. ஜனவரியில் போகிற வண்டிக்கு இங்கே டயர் பற்றிச் சொல்வதில் பாதி தேவைப்படாது.

கிருஷ்ணகிரியில் விடியற்காலை 24 டிகிரியில் டயருக்கு 115 பி.எஸ்.ஐ. அடித்துக் கிளம்புகிறீர்கள். பார்மரில் 45 டிகிரி நிழலில் நிற்கும்போதே, ஒரு பம்ப் காற்று கூட அடிக்காமல், அது 124 காட்டும். தார் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சாலையில் லோடோடு ஓடி உள்காற்று 85 டிகிரி ஆனால் 140ஐத் தாண்டும். இதைப் பார்த்துப் பயந்து, டாபாவில் நிறுத்தி வால்வைக் குத்தி 115க்கு இறக்கிவிடுகிறார்கள். செய்யவே கூடாத வேலை இது. அதே டயர் மறுநாள் விடியலில் 24 டிகிரிக்கு ஆறும்போது 93க்கு வந்திருக்கும். 93இல் லோடு ஓடினால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும், அந்த மடக்கமே சூடு, சூடு ஏற ஏற ரப்பர் கம்பியை விட்டுப் பிரியும். வெடிக்கிற டயர்களில் காற்று அதிகமாகி வெடிப்பதைவிடக் காற்று குறைந்து வெடிப்பதுதான் மிகுதி. சூட்டில் ஏறுகிற அழுத்தத்துக்கு இடம் கொடுத்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். காற்றுப் பார்ப்பது காலையில், வண்டி உருளுவதற்கு முன், கேஜ் வைத்து மட்டும். கட்டையால் தட்டிச் சத்தம் கேட்பது 115க்கும் 90க்கும் வித்தியாசம் சொல்லாது.

இரட்டை டயரில் உள் டயரை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே 85, வெளியே 115 என்றால் லோடு முழுக்க வெளி டயரின் தலையில். தேய்ந்ததும் புதியதும் ஜோடி போட்டாலும் இதே கதை: விட்டம் பெரியது சுமக்கும், சின்னது தேயும். ஜோடிக்கு நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்று நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் குனிந்து பார்க்க வேண்டும். வால்வு மூடி இல்லாத டயரில் மணல் புகுந்து வால்வு ஊசி மூடாமல் மெல்லக் காற்று இறங்கும். மூடி ஒரு ரூபாய்ச் சாமான், அது இல்லாததால் போகிற டயர் இருபதாயிரத்துக்கு மேல். ரீட்ரெட் டயர் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது) நாமக்கல் வேலையாக இருந்தாலும் மே மாதம் ராஜஸ்தானுக்கு முன் சக்கரத்தில் வேண்டாம். பின்னால் போட்டாலும் ஒரே ஜோடியில் இரண்டையும் ரீட்ரெட்டாகப் போடாதீர்கள்.

நிறுத்தும்போது இன்னொரு பழக்கம் நல்லது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஒவ்வொரு ஹப்புக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். எல்லாம் ஒரே சூடாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் முகத்தில் அடிக்கிற மாதிரி கொதித்தால் பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. அதை 50 கி.மீ. தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கிரீஸ் உருகி, டயர் தீப்பிடிக்கும் வரை போகும்.

சாஞ்சோர் பக்கம் அமிர்தசரஸ் - ஜாம்நகர் விரைவுச்சாலை 2023இல் திறந்தது. சாலை அருமை. ஆனால் வேகம் குறையாமல் மணிக்கணக்கில் ஓடுவதால் டயர் ஆறவே வாய்ப்பில்லை, பஞ்சர் கடையும் கைக்கெட்டாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடப்பது டயருக்கும் நல்லது, டிரைவர் கண்ணுக்கும் நல்லது. தொப்பூர் கணவாயில் சரிவு ஆளைக் கொல்லும். வளைவே இல்லாத இந்த விரைவுச்சாலை தூங்க வைத்துக் கொல்லும்.

காற்று ஃபில்டர்

டயர் போனால் தெரியும். ஃபில்டர் போனால் தெரியாது, மூன்று மாதம் கழித்து இன்ஜின் ஆயில் குடிக்கும்போதுதான் தெரியும். பறக்கிற மணல் தூள் மாவு மாதிரி இருக்கும். ஃபில்டர் டப்பாவுக்கும், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் ஹோஸில் கிளாம்ப் ஒரு சுற்று தளர்ந்திருந்தால் போதும். ஃபில்டரைத் தொடாமலே தூள் உள்ளே போகும். முதலில் டர்போவின் விசிறி இதழ் முனை மழுங்கும், பிறகு பிஸ்டன் ரிங், லைனர்.

கிளம்பும் முன் ஹோஸைக் கழற்றி, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், டர்போவை நோக்கிப் போகிற குழாயின் உட்புறத்தில் வெள்ளைத் துணி சுற்றிய விரலால் ஒரு இழு இழுங்கள். துணி சுத்தமாக வர வேண்டும். செம்மண் நிறத்தில் ஒரு கோடு விழுந்தால் எங்கோ ஓட்டை. புது ஃபில்டர் போட்டும் கோடு விழுகிறதென்றால் குற்றம் கிளாம்பிலோ, டப்பாவின் சீல் உட்காரும் இடத்திலோ இருக்கிறது.

வெளி ஃபில்டரை டயரில் அடித்துத் தட்டுவது நம் செட்டுகளில் சகஜம். அடித்தால் மடிப்பின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். ஊத வேண்டுமென்றால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, 30 பி.எஸ்.ஐ.க்குக் குறைவாக, நாசிலைக் காகிதத்தில் ஒட்டாமல் தள்ளிப் பிடித்து. உள்ளே இருக்கும் சின்ன சேஃப்டி ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். டப்பாவின் அடியில் தொங்கும் ரப்பர் வாயைத் தினமும் இரண்டு விரலால் அமுக்கினால் சேர்ந்த தூள் கொட்டிவிடும். அந்த வாய் பிய்ந்துபோய், யாரோ கந்தைத் துணியால் கட்டி வைத்திருப்பதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். சேர்கிற தூள் வெளியேற வழியில்லாமல் ஃபில்டரிலேயே ஏறும். மாற்று ஃபில்டர் ஒரு செட் கேபினில் இருக்கட்டும்; டாஷ்போர்டு இண்டிகேட்டர் சிவப்பு காட்டும் வரை அதைப் பிரிக்க வேண்டாம். அடிக்கடி திறப்பதே தூளை உள்ளே விடுகிறது, அதுவும் காற்று வீசும் வெட்டவெளியில்.

பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த வண்டிக்கு ஆட்புளூ இன்னொரு தலைவலி. 32.5 சதவீத யூரியாக் கரைசல் அது. டீசலில் 4 சதவீதம் செலவாகிறது என்றால் போகிற வழி டீசல் 540 லிட்டருக்கு 22 லிட்டர். பக்கெட்டை வெயிலில் கட்டிவைத்தால் கெடும். மூடியைச் சுற்றிப் படிந்த மணலைத் துடைக்காமல் திறந்தால் அந்த மணல் டேங்கில் விழும். பம்பும் நாசிலும் அடைத்து, இன்ஜின் பவரைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்தால், பார்மருக்கும் ஜெய்சல்மருக்கும் நடுவே ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடுவது சுலபமில்லை.

தண்ணீர்

அந்தப் பக்க நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து அடுத்த நடையில் சூடேறும். கூலன்ட்டும் சுத்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து 20 லிட்டர் கேனில் இருக்கட்டும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷரைப் பாருங்கள்: மூடி அழுத்தம் பிடித்தால்தான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் ஃபேன் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஊத வேண்டும். முன்னாலிருந்து ஊதினால் பூச்சியும் தூசியும் இன்னும் உள்ளே போய் உட்காரும்.

குடிக்க ஆளுக்கு நாளுக்கு 8 முதல் 10 லிட்டர், அது தனிக் கேனில். கூடவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட். வேர்ப்பது நின்று, பேச்சு குழறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெயில் தாக்கு. நிழலில் படுக்க வைத்து ஈரத்துணியால் விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்குக் கேபின் ஏ.சி. கட்டாயமாகிவிட்டது. பழைய வண்டிக்கு நேரம்தான் ஏ.சி.: விடியற்காலை மூன்றிலிருந்து பத்து வரை ஓட்டம், பதினொன்றிலிருந்து நான்கு வரை நிழல். இரவு ஓட்டத்துக்கு மாடும் ஒட்டகமும் தடை. ஒட்டகத்தின் கால் மட்டுமே ஹெட்லைட்டில் தெரியும். இடித்தால் உடம்பு நேரே கண்ணாடியில் வந்து விழும்.

மணற்புயலை அங்கே "ஆந்தி" என்பார்கள். அடிவானத்தில் பழுப்புச் சுவர் எழும்பினால் சாலையை விட்டு முழுதாக இறங்கி நிறுத்துங்கள். சாலை ஓரத்தில் பாதி உடம்பை வைத்து டெயில் லைட் எரியவிட்டால், பின்னால் வருகிறவன் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து அந்த விளக்கைப் பிடித்து வந்து மோதுவான்.

கடைசி ஐந்து கிலோமீட்டர்

நெடுஞ்சாலையிலிருந்து சைட்டுக்குப் போகும் மண் பாதையில்தான் வண்டி சிக்கும். மெயின் ரோட்டிலேயே நிறுத்தி, டிரைவர் இறங்கி நடந்து பார்ப்பது முதல் வேலை. செருப்புக் குதிகால் புதைந்தால் லோடு வண்டி கண்டிப்பாகப் புதையும். இரு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி பூட்டும் டிஃபரன்ஷியல் லாக் இருந்தால் மணலுக்குள் நுழையும் முன்பே போட வேண்டும். சக்கரம் சுழல ஆரம்பித்த பிறகு போட்டால் பல் உடையும். ஒரே கியரில், ஒரே ஆக்சிலரேட்டரில், நிற்காமல் போக வேண்டும்.

சக்கரம் ஒரு சுற்று வழுக்கியதும் காலை எடுங்கள். இன்னும் மிதித்தால் தோண்டுகிற வேலைதான் நடக்கும், ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிடும். டயருக்கு முன்னால் மண்ணைச் சரிவாக வாரி எடுத்து, நான்கு அடி நீளக் கெட்டிப் பலகையைச் சக்கரத்தின் கீழ் நுழையும் வரை தள்ளி, வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பது முன்னால் போவதைவிடச் சுலபம். அதுவும் ஆகாவிட்டால் பின் டயர்களில் 80 வரை காற்றைக் குறைக்கலாம். குறைத்த காற்றோடு ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. கெட்டித் தரை வந்ததும் முதல் வேலை காற்றை ஏற்றுவது. வண்டியின் பிரேக் டேங்கில் 8 பார், அதாவது 115 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். டேங்க் வால்விலிருந்து டயருக்குப் போக 15 மீட்டர் ஹோஸ் ஒன்று டூல் பாக்ஸில் இருந்தால் கம்ப்ரஸர் தேடி அலைய வேண்டாம். டிராக்டர் வந்து இழுத்தால் கயிற்றை முன் கொக்கியில் மாட்டுங்கள், ஆக்சிலிலோ ஸ்டியரிங் ராடிலோ மாட்டவிடாதீர்கள். சக்கரத்தின் கீழ் போட முள் செடியை வெட்டிக்கொண்டு வருவார்கள். அது நம் ஊர்ச் சீமைக் கருவேலமேதான். அங்கே விலாயதி பபூல் என்று பெயர். முள்ளுக்கு ஊர் வித்தியாசம் கிடையாது.

தேங்காய், இ-வே பில்

போச்சம்பள்ளி, பாரூர் பக்கத் தேங்காய் வடக்கே போனால் வழியில் விரிசல் விடுகிறது என்ற புகார் வரும். மட்டை உரித்த காய் வறண்ட சூட்டில் நீர் இழந்து, இரவுக் குளிரில் சுருங்கி விரிகிறது. குடுமி மட்டும் இருக்கும்படி உரித்த காயாகப் போடுங்கள். மேலே தார்ப்பாய், பக்கவாட்டில் காற்று போக வழி. தண்ணீர் தெளித்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு தார்ப்பாய் போடும்போது முன் தார்ப்பாயின் விளிம்பு பின் தார்ப்பாயின் மேல் படிய வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி, ஆனால் காற்று கேபின் பக்கத்திலிருந்து வருவதாகக் கணக்கு. மாற்றிப் போட்டால் காற்று உள்ளே புகுந்து ஒரே மணி நேரத்தில் கிழித்துப் போடும்.

இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) செல்லுவது 200 கி.மீ.க்கு ஒரு நாள். 2,150க்கு 11 நாள். ஓட்டத்துக்கு ஆறேழு நாள் போதும் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். புனேவில் கியர் பாக்ஸ் வேலைக்கு மூன்று நாள், சைட் வாசலில் மூன்று நாள் என்றால் பில் முடிந்துவிடும். நீட்டிக்க முடிகிற நேரம், முடிவதற்கு 8 மணி முன்பும் முடிந்த பின் 8 மணியும் மட்டுமே. வழியில் லோடை வேறு வண்டிக்கு மாற்றினால் பில்லில் வண்டி விவரம் இருக்கும் பார்ட்-பியில் புது நம்பரை ஏற்றிய பிறகுதான் அந்த வண்டி நகர வேண்டும். தேதி முடிந்த பில்லோடு பிடிபட்டு, வரியின் இருமடங்கு அபராதத்துக்கு நோட்டீஸ் வந்தால் அந்த நடையின் லாபம் அங்கேயே முடிந்தது. அளவு மீறிய சரக்கு ஏற்றும் டிரெய்லருக்கு மட்டும் 20 கி.மீ.க்கு ஒரு நாள் என்று தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ரிட்டர்ன்

ஜெய்சல்மரில் லோடு இறக்கியதும் அங்கேயே ரிட்டர்ன் தேடி உட்காருவது பெரிய தப்பு. மஞ்சள் கல் பலகை, ஜிப்சம், பார்மரில் பென்டோனைட் களிமண் எல்லாம் இருக்கின்றன; ஆனால் தமிழ்நாடு வரை கட்டுபடியாகிற வாடகையில் தினமும் கிடைக்காது. இரண்டு நாள் காத்திருந்தால் 8,000 போச்சு. அதைவிடக் காலியாகவே 450 கி.மீ. அளவு இறங்கி, சீரகத்துக்குப் பேர்போன உஞ்சாவுக்கு வந்துவிடலாம். காலி வண்டி 6 கி.மீ. கொடுத்தால் 75 லிட்டர், 6,750 ரூபாய், ஒரு நாள் செலவு 4,000, டோல் தனி. பதினோராயிரம் சொச்சம் கையை விட்டுப் போகிறது, உண்மைதான். ஆனால் சீரகம், இசப்கோல், இன்னும் தென்மேற்கே நகர்ந்தால் மோர்பி டைல்ஸ் என்று நம் பக்கத்துக்கு வருகிற லோடு அங்கே நிற்கிறது. இந்தப் பதினோராயிரத்தைப் போகும்போதே வாடகையில் சேர்த்துப் பேச வேண்டும். ஜோத்பூர் போய் கல்லும் மரச்சாமானும் ஏற்றுவதும் உண்டு; மரச்சாமான் இடம் அடைக்கும், எடை இருக்காது, அதனால் டன் கணக்கில் பேசினால் ஏமாறுவீர்கள், முழு வண்டி என்று பேசுங்கள்.

டீசலைக் கர்நாடகாவிலும் குஜராத்திலும் நிரப்புவது வழக்கம். டீசாவில் டேங்க் நிரம்பியே ராஜஸ்தானுக்குள்ளே போங்கள்.

திரும்பி வந்த வண்டியை நேராக அடுத்த கூழ் லோடுக்கு ஃபேக்டரிக்கு அனுப்பிவிடுவார்கள், சீசன் அவசரம். அரை நாள் செட்டில் விடுங்கள். கமான் பட்டை இடுக்கில் மணலும் கிரீஸும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதைக் கழுவி, பழைய கிரீஸ் முழுவதும் வெளியே தள்ளும் வரை புதுக் கிரீஸ் அடிக்க வேண்டும். ஹப் ஒன்றைத் திறந்து கிரீஸை விரலால் நசுக்கிப் பார்த்து, நறநறவென்றால் மற்ற ஹப்புகளையும் திறக்க வேண்டும். பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் எப்படியும் இறங்கியிருக்கும். காற்று ஃபில்டர் குழாயில் அந்த வெள்ளைத் துணியை இன்னொரு தடவை இழுத்துவிட்டு, கழற்றிய பழைய ஃபில்டரை அங்கேயே குப்பையில் போட்டுவிடுங்கள். கேபினில் வைத்தால் யாராவது ஊதி மறுபடி மாட்டிவிடுவார்கள்.